காய்ப்பும் சண்டித்தனமும்: 'இருதயகடின'த்துக்குள் கலந்துபோன இரண்டு கிரேக்கச் சொற்கள்

பூலாம்பாடிப் பக்கம் ஏர் பூட்டிய மாடு சாலின் நடுவே படுத்துக்கொண்டு எழ மறுத்தால் அதைச் சண்டி மாடு என்பார்கள். வாலை முறுக்கினாலும் தார்க்குச்சியால் குத்தினாலும் அது அசையாது. வலிக்காமல் இல்லை, வலித்தும் எழமாட்டேன் என்கிறது. பக்கத்து அரும்பாவூரில் வாகைக் கட்டையில் சாமி சிலை செதுக்குகிறவரின் உள்ளங்கை வேறு கதை. கொட்டாப்புளி பிடிக்கும் கையில், விரல்கள் தொடங்கும் மேட்டில், தோல் மஞ்சள் பாரித்து மேடுகட்டியிருக்கும். ஊசியால் தொட்டாலும் அந்த இடத்துக்குத் தெரியாது. 'காப்புக் காய்ச்சிருக்கு' என்பார்கள். பந்தியில் நெடுநேரம் சம்மணம் போட்டவருக்குக் கால் 'மரத்துப்போச்சு'. இந்த மூன்றில் எதையும் ஊரில் 'கடினம்' என்று சொல்லமாட்டார்கள். கடினம் என்பது கணக்குப் பரீட்சைக் கேள்வித்தாளுக்கு.

தமிழ் விவிலியத்தில் நிலைமை நேர்மாறு. மாட்டுக்குரிய குணம், காய்ப்புக்குரிய குணம், மரத்துப்போன காலுக்குரிய குணம் என மூன்றும் அங்கே 'இருதயகடினம்' என்ற ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. மூலக் கிரேக்கத்தில் அவை ஒன்றல்ல. குறைந்தது இரண்டு சொற்குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று 'ஸ்க்லேரோஸ்' என்பதிலிருந்து கிளைத்தது, மற்றது 'போரோசிஸ்'. முதலாவது அடங்க மறுப்பது. இரண்டாவது உணராமல் போவது. இந்த வேறுபாடு எங்கே தொடங்கியது, எப்படி மங்கியது, தமிழில் அதைத் திரும்பப் பெற வழியுண்டா என்பதே இங்கே கேள்வி.

போரோசிஸிலிருந்து தொடங்கலாம், சிக்கல் அதிகமுள்ள சொல் அதுதான். பெயர்ச்சொல்லாகப் புதிய ஏற்பாட்டில் மூன்றே இடங்களில் வருகிறது: மாற்கு 3:5, ரோமர் 11:25, எபேசியர் 4:18. வினையாக ஐந்து இடங்கள்: மாற்கு 6:52, 8:17, யோவான் 12:40, ரோமர் 11:7, இரண்டாம் கொரிந்தியர் 3:14. மொத்தம் எட்டு. இவ்வளவு சிறிய சொல்லுக்காக நடந்த வாதங்கள் ஓர் அலமாரியை நிரப்பும்.

மாற்கு 3இல் காட்சி ஒரு ஜெபஆலயம். கை சூம்பிய ஒருவன் நிற்கிறான். ஓய்வுநாளில் அவனைக் குணமாக்குவாரா என்று சிலர் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வுநாளில் நன்மை செய்யலாமா, தீமை செய்யலாமா என்று இயேசு கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் கோபத்தோடு சுற்றிப் பார்க்கிறார், அவர்களுடைய இதயத்தின் போரோசிஸைக் கண்டு வருந்துகிறார். கோபமும் வருத்தமும் ஒரே வாக்கியத்தில் வருவதைக் கவனிக்க வேண்டும். வீம்பு பிடிப்பவன்மேல் கோபம் வரும். நோய் பிடித்தவனைப் பார்த்தால்தான் வருத்தம் வரும். உலர்ந்துபோன கை ஒருவனுக்கு; உணர்வற்றுப்போன இதயம் மற்றவர்களுக்கு. மாற்கு இந்தச் சொல்லைத் தெரிந்தே இங்கே வைத்தார் என்றே எனக்குப் படுகிறது.

சொல்லின் அடியில் இருப்பது 'போரோஸ்'. கிரேக்கர்களுக்கு அது ஒருவகைக் கல். அரிஸ்டாட்டில் குகைகளில் நீர் சொட்டிச் சொட்டி உறைந்த கல்லுக்கு அந்தப் பெயரைச் சொல்கிறார். தியோஃபிராஸ்டஸ் பாரோஸ் தீவின் சலவைக்கல்லைப் போன்ற, ஆனால் எடை குறைந்த ஒரு கல்லைக் குறிக்கிறார். டெல்ஃபி கோயிலை போரோஸ் கல்லில் கட்டித்தர ஒப்பந்தம் எடுத்த ஏதென்ஸ் நகரின் அல்க்மேயோனிதர் குடும்பம், முகப்பை மட்டும் ஒப்பந்தத்துக்கு மிஞ்சிப் பாரோஸ் சலவைக்கல்லில் கட்டிக்கொடுத்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். (ஒப்பந்தக்காரர் சொன்னதைவிட நல்ல சரக்கைப் போட்ட செய்தி என்பதால்தான் அது வரலாற்றில் ஏறியது போலும்.) மருத்துவர்கள் இதே சொல்லை உடைந்த எலும்பு கூடும்போது முறிவைச் சுற்றித் திரளும் கெட்டிப் பொருளுக்கு வைத்துக்கொண்டார்கள். அப்படித் திரளும் நிகழ்வே போரோசிஸ். அங்கிருந்து காய்ப்பு, உணர்வற்ற தடிப்பு என்று பொருள் நகர்ந்தது.

கருங்கல் பிறவியிலேயே கல். போரோஸ் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து கல்லானது. பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேற்கே சல்லிக்கு உடைபடும் கருங்கல். கிழக்கே போகப் போக அரியலூரின் சுண்ணாம்புக்கல். நடுவே சாத்தனூரில், 1940இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த சுமார் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. மரத்தின் வடிவம் குலையவில்லை, உள்ளே இருந்த மரம்தான் இல்லை. தாதுக்கள் துளித்துளியாக ஏறி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இதயத்துக்கு அப்படி நேர்வதையே போரோசிஸ் சொல்கிறது.

பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலோர் இங்கே கடினத்தைக் காணவில்லை என்பதுதான் வியப்பு. அவர்கள் கண்டது குருட்டுத்தனம். எரோனிமுவின் பெயரால் வழங்கும் லத்தீன் வுல்காத்தா மாற்கு 3:5, ரோமர் 11:25, எபேசியர் 4:18 ஆகிய மூன்றிலும் 'குருடு' என்ற பொருள்தரும் சொல்லையே போடுகிறது. யோவான் 12:40இல் மட்டும் 'கடினமாக்கினார்'. லூத்தர் ஜெர்மனில் எபேசியருக்கும் ரோமருக்கும் குருடு என்றார், மாற்குவுக்கு வேறு சொல். 1611ஆம் ஆண்டின் ஆங்கில அரசர் பதிப்பும் இப்படித்தான் இங்கே கடினம், அங்கே குருடு என்று மாறி மாறிப் போகிறது.

இந்த முரணை எடுத்து நிறுத்தியவர் ஆங்கில விவிலிய அறிஞர் ஜே. ஆர்மிட்டேஜ் ராபின்சன். 1901இல் எழுதிய ஒரு கட்டுரையில், போரோசிஸ் என்ற சொல்லையும் அதற்கு ஒலியில் நெருங்கிய 'பேரோசிஸ்' என்ற சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பேரோசிஸ் என்றால் ஊனம், குறிப்பாகக் கண் ஊனம். இரண்டும் எழுத்தில் ஓர் உயிரெழுத்து மட்டுமே வேறுபடுவதால் படியெடுத்தவர்கள் கையில் மாறிமாறி விழுந்திருக்கின்றன. ராபின்சன் அதோடு நிற்கவில்லை. படியெடுத்த பிழை ஒருபுறம் இருக்கட்டும், போரோசிஸ் என்ற சொல்லே பேச்சுவழக்கில் தடிப்பிலிருந்து மரத்துப்போதலுக்கும், அங்கிருந்து அறிவு மழுங்கலுக்கும் நகர்ந்துவிட்டது. எனவே பழையவர்கள் குருடு என்றது அறியாமையால் அல்ல என்றார். யோபு 17:7இன் கிரேக்க வடிவத்தில் கோபத்தால் மங்கிய கண்களுக்கு இந்த வினையே வருவது அவருக்குத் துணை. மாற்கு 3:5இல் பெசா கையெழுத்துப்படி இந்தச் சொல்லையே எடுத்துவிட்டு 'செத்துப்போன தன்மை' என்று போட்டிருப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பாடத்தை எழுதியவருக்கும் இது வீம்பாகத் தெரியவில்லை.

இனித் தமிழ் மண்ணுக்கு வருவோம். அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவருக்கு (1680–1747) வேதம் என்றால் வுல்காத்தாதான். திரெந்து சங்கம் 1546இல் அதைத் திருச்சபையின் அதிகாரப் பாடமாக அறிவித்திருந்தது. அவர் காலத்தில் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலில் இந்த இடங்களை வாசித்தவர் கண்ணில் பட்டது குருட்டு இதயம். கிழக்கே கடற்கரைத் தரங்கம்பாடியிலோ லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் கிரேக்கத்திலிருந்து தமிழுக்குப் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்துவிட்டது. லூத்தரன்களை மறுத்து முனிவர் நூல்களே எழுதினார். தமிழ் நடையைப் பற்றியும் வேதப் பொருளைப் பற்றியும் மூண்ட அந்தச் சண்டையில் போரோசிஸ் ஒரு பொருட்டாக இருந்திருக்காது. ஆனால் ஒரே வட்டாரத்தில் இரண்டு விவிலியங்கள், இரண்டு மூலங்களிலிருந்து புழங்கின என்பது நம் கேள்விக்குப் பின்புலம்.

அதன்பின் ஃபப்ரீசியஸ் (புதிய ஏற்பாடு 1772), ரேனியஸ், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பெர்சிவல் (1850) என்று மொழிபெயர்ப்புகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் பிறகு ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு உழைத்து, 1871இல் முழு விவிலியம் வெளிவந்தது. புராட்டஸ்டன்ட் சபைகளில் பெரும்பாலோர் கையில் இன்றும் இருப்பது அதன் வழிவந்த பதிப்பே. அதில் போரோசிஸ் வரும் எட்டு இடங்களிலும் குருட்டுக்கு இடமில்லை. இருதயகடினம், கடினமான மனது, கடினப்பட்டது என்று எல்லாமே கடினம்தான். ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்ற ஒழுங்கில் இது ஆங்கிலத்தின் 1881 திருத்தப் பதிப்புக்குப் பத்தாண்டு முந்தியது. அந்த வகையில் பவர் குழுவைப் பாராட்டத்தான் வேண்டும்.

தொல்லை அடுத்த வாசலில் இருக்கிறது. ஸ்க்லேரோஸ் குடும்பத்துக்கும் அவர்கள் அதே சொல்லைக் கொடுத்துவிட்டார்கள்.

ஸ்க்லேரோஸ் என்பது உலர்ந்து விறைத்தது. உலர்த்துதலைக் குறிக்கும் ஒரு வினையோடு உறவுள்ளது. எலும்புக்கூட்டுக்கான ஐரோப்பியச் சொல்லும் அந்த வினையிலிருந்தே வருகிறது. தாலந்து உவமையில் எஜமானைக் கடின மனிதன் என்று வேலைக்காரன் குறைசொல்வதும், யோவான் 6:60இல் சீடர்கள் இந்தப் போதனை கடினமானது என்று முணுமுணுப்பதும் இந்தச் சொல்லால்தான். இங்கெல்லாம் தமிழ்க் கடினம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. இதிலிருந்து பிறந்த 'ஸ்க்லேரோகார்டியா' மணமுறிவு பற்றிய வாதத்தில் வருகிறது: மத்தேயு 19:8, மாற்கு 10:5. மோசே அனுமதித்தது உங்கள் இந்தக் குணத்துக்காகத்தான் என்கிறார் இயேசு. மாற்கு 16:14இல் மூன்றாம் முறை. கிரேக்க இலக்கியத்தில் தேடினால் இது கிடைப்பதில்லை; கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் எபிரேய வேதத்தைக் கிரேக்கமாக்கிய யூத அறிஞர்கள் உருவாக்கிய சொல் என்றே தெரிகிறது. உபாகமம் 10:16இல் எபிரேயம் 'இதயத்தின் நுனித்தோல்' என்கிறது. கிரேக்கக் காதுக்கு அது விளங்காது என்று அவர்கள் ஸ்க்லேரோகார்டியா என்று போட்டார்கள். தமிழ்ப் பதிப்பு எபிரேயத்தை நேராகப் பின்பற்றி நுனித்தோலை அப்படியே வைத்துக்கொண்டதால், மோசேயின் சட்டத்துக்கும் இயேசுவின் சொல்லுக்கும் இடையே கிரேக்க வாசகர் கண்ட இழை தமிழில் அறுந்துவிட்டது.

இந்தக் குடும்பத்தில் தமிழில் மிக அழகாக விழுந்த சொல் அப்போஸ்தலர் 7:51இல் ஸ்தேவான் வாயிலிருந்து வருகிறது. கிரேக்கத்தில் 'விறைத்த கழுத்தர்'. தமிழில் 'வணங்காக் கழுத்து'. எபிரேய மூலத்திலேயே இது நுகத்துக்குக் கழுத்துக் கொடுக்காத மாட்டின் படம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் அகராதியை மூடிவைத்துவிட்டு வயலைப் பார்த்திருக்கிறார். இதே துணிவு இதயத்தின் விஷயத்திலும் வந்திருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. சண்டித்தனம் என்ற சொல் அப்போதும் இருந்தது.

பழைய ஏற்பாட்டுக்குப் போனால் கதை இன்னும் விரிகிறது. யாத்திராகமம் 4 முதல் 14 வரை பார்வோனின் இதயத்துக்கு நேர்ந்ததைச் சொல்ல எபிரேயம் மூன்று வினைகளை வைத்திருக்கிறது: 'ஹாசக்' (உறுதிப்படுதல்), 'காவேத்' (கனமாதல்), 'காஷா' (கடினமாதல்). கிரேக்கம் காவேத்துக்கு மட்டும் கனம் என்ற பொருளிலேயே வேறு சொல் வைத்து அதைப் பிரித்துக் காட்டியது. தமிழில் பெரும்பாலும் எல்லாம் கடினப்படுதல். இதில் ஓர் இழப்பு எனக்கு உறுத்துகிறது. காவேத் என்பது எடையையும் குறிக்கும், மரியாதையையும் குறிக்கும். பார்வோனின் இதயம் கனத்தது என்பதும், தாய்தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளையும் எபிரேயத்தில் ஒரே வேர். அப்படி இரண்டையும் ஒருசேரச் சுமக்கும் சொல் எத்தனை மொழிகளில் இருக்கும்? தமிழில் இருக்கிறது: கனம். கட்டளையில் 'கனம்பண்ணு' என்று சரியாகப் போட்ட அதே கை, பார்வோனிடம் வந்ததும் கடினத்துக்குப் போய்விட்டது. தலைக்கனம் என்ற வழக்கு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தும்! இறந்தவனின் இதயத்தை இறகுக்கு எதிரே தராசில் வைத்து எடை பார்க்கும் எகிப்திய நம்பிக்கையை நினைத்தால், எகிப்து அரசனுக்குக் கனத்த இதயம் என்பது எவ்வளவு குத்தலான பேச்சு என்பதும் விளங்கும்.

கடினப்படுத்தியது யார் என்ற கேள்வியில் இறையியலார் நூற்றாண்டுகளாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். வாதைகளின் கதையில் முதல் ஐந்து வாதைகள்வரை பார்வோன் தானே கடினப்படுத்திக்கொண்டான் அல்லது அவன் இதயம் கடினப்பட்டது என்றே வருகிறது. ஆண்டவர் கடினப்படுத்தினார் என்று நேராகச் சொல்வது ஆறாவதில்தான் (9:12). ஏழாவதுக்குப் பிறகு மறுபடி பார்வோன் (9:34). அலெக்சாந்திரியாவின் ஓரிகன், ஒரே வெயிலில் மெழுகு உருகுகிறது, சேறு இறுகுகிறது என்று பதில் சொன்னார். அந்தப் பதில் பாதி வேலையைத்தான் செய்கிறது. சேற்றைச் சேறாகப் படைத்தது யார் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. பவுல் ரோமர் 9:18இல் பார்வோனுக்கு ஸ்க்லேரோஸ் குடும்பத்து வினையைப் பயன்படுத்துகிறார். ஆனால் 11ஆம் அதிகாரத்தில் தன் சொந்த ஜனமான இஸ்ரவேலைப் பற்றிப் பேச வந்ததும் சொல்லை மாற்றுகிறார்: போரோசிஸ். அதுவும் 'ஒரு பகுதிக்கு', 'இன்ன காலம்வரை' என்ற வரம்புகளோடு. எதிரிக்கு ஒரு சொல், உறவுக்கு ஒரு சொல். தமிழில் இரண்டும் கடினமானபோது பவுலின் இந்தத் தயக்கம் காணாமல் போகிறது.

இதன் விளைவு சிறியதல்ல. குருடு என்று வாசித்த ஐரோப்பா, இரண்டாம் கொரிந்தியர் 3இன் முக்காட்டையும் சேர்த்துக்கொண்டு, யூதத்தைக் கண்கட்டிய பெண்ணாகத் தேவாலய வாசல்களில் செதுக்கியது. ஸ்ட்ராஸ்பூர்க் பேராலயத்தில் சுமார் 1230ஐச் சேர்ந்த அந்தச் சிலை புகழ்பெற்றது. குருடு என்றால் நிலையான ஊனம்; காய்ப்பு என்றால் உழைப்பை நிறுத்தினால் உரிந்துபோவது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூதர்களைப் பற்றிப் புதிதாகப் பேச வந்தபோது பெரிதும் சாய்ந்துகொண்டது இதே ரோமர் 11இன்மீதுதான்.

மாற்கு நற்செய்தியில் இன்னொரு பக்கமும் உண்டு. எதிரிகளுக்கு 3:5இல் வந்த சொல்லின் வினை 6:52இலும் 8:17இலும் யாருக்கு வருகிறது? சீடர்களுக்கு. ஐயாயிரம் பேர் உண்டதைக் கண்ணால் பார்த்தவர்கள், அன்று இரவே கடலில் மிரளுகிறார்கள். இவர்களிடம் வீம்பு இல்லை, பகை இல்லை. மண்டையில் ஏறவில்லை, அவ்வளவுதான். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இந்த இரண்டு இடங்களிலும் உள்ளம் 'மழுங்கி'ப்போனதாகச் சொல்கிறது. நல்ல தேர்வு, ராபின்சன் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் அதே பதிப்பு 3:5இல் 'பிடிவாத' உள்ளம் என்கிறது. எதிரி பிடிவாதக்காரன், நம்மவன் மந்தமானவன்! மாற்கு இரு தரப்பையும் ஒரே சொல்லால் கட்டியது வேண்டுமென்றே என்றால், இந்தப் பிரிப்பு அவர் வைத்த கண்ணியைக் கழற்றிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதை வைத்து அது எங்கும் அதையே சொல்கிறது என்று முடிவுகட்டும் பழக்கத்தை விவிலிய அறிஞர் ஜேம்ஸ் பார் 1961இல் வெளியிட்ட நூலில் கிழித்துத் தொங்கவிட்டார். மாற்கு எழுதும்போது எலும்பு முறிவையோ குகைக்கல்லையோ நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று திட்டுகிற தமிழர் பாறையை நினைத்துக்கொண்டா திட்டுகிறார்? போரோசிஸுக்கு மரத்துப்போதல் என்ற பொருளைத் தாங்கி நிற்பது எபேசியர் 4:18ஐ அடுத்து வரும் வாக்கியமே. பவுலின் பெயரில் வழங்கும் அந்த நிருபத்தில் அங்கே வரும் வினைக்கு 'வலி உணர்வை இழந்துவிட்டார்கள்' என்று பொருள். இருள், அறியாமை, போரோசிஸ், வலியின்மை என்று வரிசை போகிறது. வீம்புக்கு அந்த வரிசையில் இடமில்லை.

தமிழ் வாசகருக்கு 'இருதயகடினம்' இன்று எப்படிக் கேட்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெரும்பாலோர் அதைக் கல்நெஞ்சு என்று மாற்றிக்கொள்கிறார்கள், அதாவது இரக்கமின்மை. பக்தி மரபில் கல்மனம் உருகவேண்டும் என்ற ஏக்கம் நமக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழக்கம் என்பதால் இது இயல்பே. எசேக்கியேல் 36:26இன் கல்லான இருதயத்துக்கு அது சரியும்கூட. ஆனால் போரோசிஸ் பிடித்தவன் இரக்கமுள்ளவனாகவும் இருக்கலாம். அப்பத்தைப் பார்த்துவிட்டு அற்புதத்தைப் பார்க்கத் தவறிய சீடர்கள் ஈரமற்றவர்கள் அல்லர்.

அடுத்த திருத்தக் குழுவிடம் ஒருவர் கேட்கக்கூடியது பெரிதில்லை. ஸ்க்லேரோஸ் குடும்பத்துக்குக் கடினம் இருந்துவிட்டுப் போகட்டும். போரோசிஸ் வரும் இடங்களில் மரத்துப்போன, மழுங்கிப்போன என்ற இரண்டில் ஒன்றைப் பிடித்து, மாற்குவின் மூன்று இடங்களிலாவது மாறாமல் போடலாம். என் ஓட்டு மரத்துப்போனதற்கு. மழுங்கல் அறிவோடு நின்றுவிடும். மரத்துப்போதல் அறிவையும் உணர்வையும் சேர்த்துப் பிடிக்கும். காய்ப்பு என்பது கிரேக்கத்துக்கு இன்னும் நெருக்கம்தான், ஆனால் 'காய்த்த இதயம்' என்று ஆலயத்தில் வாசித்தால் பின் வரிசையில் சிரிப்பு வரும்.

யோவான் 12:40இல் மட்டும் இந்த யோசனை முட்டி நிற்கும். அங்கே ஏசாயா 6:10 மேற்கோளாக வருகிறது. எபிரேயமும் பழைய கிரேக்கமும் இதயம் கொழுத்ததைப் பற்றிப் பேச, யோவான் அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைப் போடுகிறார். அவர் போட்டது எது என்பதில்தான் தகராறு. வத்திக்கான் கையெழுத்துப்படியில் போரோசிஸின் வினை இருக்கிறது. சீனாய் கையெழுத்துப்படியும், ராபின்சன் காலத்துக்கு வெகுநாள் பின்பு 1956இலும் 1961இலும் வெளியான இரண்டு போட்மர் பாப்பிரஸ் சுவடிகளும் பேரோசிஸின் வினையை, அதாவது 'ஊனமாக்கினார்' என்பதைத் தருகின்றன. இவை கிடைத்திருப்பதில் மிகப் பழைய சான்றுகளில் சேரும். அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகள் முதலாவதையே மேலே வைக்கின்றன. தமிழில் எந்தச் சொல்லைப் போட்டாலும் அந்த வசனத்துக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பு வேண்டும்.